பரணில் கிடக்கும் ரெக்கார்டு பிளேயரைப் பாட வைப்பது எப்படி?

செட்டிநாட்டில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பெட்டகத்துக்குப் பின்னாலோ பரணிலோ ஒரு கட்டு இசைத்தட்டு கிடைப்பது உண்டு. பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் வாங்கி வந்தவை கொஞ்சம், இங்கேயே வாங்கியவை கொஞ்சம். ஏவி.எம். ஸ்டுடியோவை உருவாக்கிய காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன், சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் செய்தது கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம்தான். அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் விற்ற ஓடியன் கம்பெனித் தட்டுகள் உங்கள் வீட்டில் கிடைக்கும் கட்டுக்குள்ளும் இருக்கலாம். அவற்றைச் சுவரில் அழகுக்கு மாட்டுகிறார்கள், எடைக்கும் போடுகிறார்கள். இரண்டையும் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் அவை இன்றைக்கும் பாடும்.

முதலில் தட்டை அடையாளம் காணுங்கள்

லேபிளில் 78 என்று, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று என்று போட்டிருந்தால், அல்லது தட்டு கனமாக, வளையாமல், கீழே விழுந்தால் உடைந்துவிடும்போல் இருந்தால், அது அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் பாடும். லேசாக வளைந்து கொடுத்தால் வினைல். இதில் 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. 1948-இல் வந்தது, ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டு அதற்கு அடுத்த வருடம் வந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆரம்பிக்கவே கூடாது. கழுவுவது, முள், வேகம் எல்லாமே இதை வைத்துத்தான்.

பிளேயர் வாங்குவது

வீட்டில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். அங்குள்ள பழம்பொருள் கடைகளில் பளபளவென்று பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் கண்ணில் பட்டால் நிதானமாக இருங்கள். அப்படி விற்பவற்றில் பெரும்பாலானவை பழைய உதிரிகளோடு புதிதாகச் செய்தவை. பாட்டு கேட்பதற்கு, மூடியிலேயே ஸ்பீக்கர் வைத்த எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரியான பெட்டியோ, பழைய கர்ரார்டு, பிலிப்ஸ் பிளேயரோ போதும். “அண்ணே, ஒரு தட்டு போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். தட்டு ஒரே சீராகச் சுற்றுகிறதா, முள் இருக்கும் கை தடையில்லாமல் நகர்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் கீறல் இருந்தால் பரவாயில்லை.

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் வினைல் தட்டை ஒருநாளும் போடாதீர்கள். அதன் தலைப்பகுதி 100 கிராமுக்கு மேல் அழுத்தும்; ஒரே தடவையில் பாட்டு பதிந்த பள்ளங்களைச் சுரண்டிவிடும். அரக்குத் தட்டுக்கும்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு இரும்பு முள் என்பதுதான் கணக்கு.

தட்டைக் கழுவுவது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பாதி இரைச்சல் அழுக்கால் வருவதுதான். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். நடு லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு தடவை துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்து உலர விடுங்கள்.

அரக்குத் தட்டு பக்கம் ஸ்பிரிட்டைக் கொண்டுபோகவே கூடாது. அரக்கு அதில் கரையும். கறுப்பு மை மாதிரி துணியில் ஒட்டிக்கொண்டு வருவது உங்கள் பாட்டுதான்.

எந்திரத்தைத் தயார் செய்வது

பல வருடம் சும்மா கிடந்ததை நேராக பிளக்கில் செருக வேண்டாம். வயரும் கண்டென்சரும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் பெட்டி என்றால் பின்னால் வோல்டேஜ் எவ்வளவு போட்டிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றது நம் வேலை. தட்டு மேடையைத் தூக்கினால் பல பழைய மாடல்களில் உள்ளே ஒரு ரப்பர் சக்கரம் தெரியும். அதன் விளிம்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளும். நடு அச்சில் இறுகிப்போன பழைய கிரீஸை எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து இறுகும், அது ஆகாது.

வைக்கிற இடம் ஆடக் கூடாது. நல்ல கனமான பெட்டகத்தின் மேல் வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தால் சமம் பாருங்கள்.

வேகம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மேடையின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். எல்.பி. வேகத்தில் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். 95 வந்தால் பாடகர் குரல் இறங்கிக் கேட்கும். பெரும்பாலும் ரப்பர் சக்கரம் வழுக்குவதுதான் காரணம்.

முள்ளுக்குக் காசு கொடுங்கள்

செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுதான். தேய்ந்த முள் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தட்டை அறுக்கிறது. முள்ளை மாற்றிக்கொள்ளலாம், கே.பி. சுந்தராம்பாளின் பழைய தட்டை மாற்ற முடியாது. அரக்குத் தட்டின் பள்ளம் அகலம். அதற்கு 75 மைக்ரான் முனை. எல்.பி.க்கு 25 மைக்ரான், ஸ்டீரியோ என்றால் 18. பழைய பெட்டிகளில் முள்ளின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் 78-க்கான முள்ளோ எல்.பி. முள்ளோ கீழே வரும். தட்டை மாற்றும்போதெல்லாம் அதைப் பாருங்கள். முள்ளைப் பிடித்திருக்கும் தலை செராமிக் வகை என்றால் 4 முதல் 6 கிராம் அழுத்தம் போதும். சின்ன டிஜிட்டல் தராசில் முள்ளை மெதுவாக இறக்கி எடை பார்க்கலாம்.

காந்தத் தலை உள்ள பிளேயர் என்றால் அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று தேவை. இல்லாவிட்டால் பாட்டு சன்னமாக, அடிக்குரலே இல்லாமல் கேட்கும். செராமிக் தலைக்கு அது வேண்டாம்.

தட்டுகளை நிறுத்தியே வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் கீழே இருப்பவை வளையும், உடையும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், வெயில் இறங்கும் பக்கத்தைத் தவிர்த்து உள்ளறையில் வையுங்கள்.

முள்ளோ ரப்பர் சக்கரமோ கிடைக்கவில்லை என்றால், ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டியவர்களைத் தேடிப் போங்கள். குழாய் ஸ்பீக்கரில் ரெக்கார்டு போட்ட காலத்து உதிரிகள் அவர்கள் வீட்டில் இன்னும் டப்பாவில் கிடக்கலாம். பழைய முள்ளையும் கையோடு கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொடுப்பார்கள்.