ஜப்பானிய மௌனப் படத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில், கோயில் மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து ஒரு ஜப்பானிய மௌனப் படம் போடப் போகிறீர்கள் என்றால், ஃபைலை இறக்கிய கையோடு பிளே பட்டனை அமுக்காதீர்கள். சாமுராய்கள் பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி ஓடுவார்கள், பின்வரிசைப் பையன்கள் சிரிக்க ஆரம்பிப்பார்கள், அப்புறம் படம் போச்சு.

வினாடிக்கு 24 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்) என்பது பேசும் படத்தோடு நிலைத்த கணக்கு. அதற்கு முன் கேமராவைக் கையால் சுற்றினார்கள்: ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. அப்படி எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லோரும் ஓடுவது மாதிரித் தெரியும். கை என்ன கடிகாரமா? ஃபிலிமை மிச்சம் பிடிக்க மெதுவாகச் சுற்றியவர்களும் உண்டு, 1920களில் போகப்போக வேகம் கூடியதும் உண்டு. ஜப்பானில் மௌனப் படம் 1930களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது (இயக்குநர் ஓசுவின் முதல் பேசும் கதைப்படமே 1936-இல்தான்), அதனால் கடைசிக் காலத்துப் படங்கள் 24-ஐ ஒட்டி ஓடினாலும் பல சமயம் உறுத்தாது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஃபைலை யாராவது ஏற்கெனவே சரி செய்திருக்கிறார்களா என்பது. விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு 'E' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். யாராவது நடக்கிற காட்சியாக இருக்கட்டும். மூன்று ஃபிரேம் கால் நகர்ந்து நாலாவதில் அப்படியே நின்றால், அதுவே திரும்பத் திரும்ப வந்தால், 18-ஐ 24 ஆக்கியிருக்கிறார்கள்; இரண்டு நகர்ந்து மூன்றாவது நின்றால் 16-ஐ. அப்படி இருந்தால் கை வைக்காதீர்கள், இன்னும் குறைத்தால் எல்லோரும் தூக்கத்தில் நடப்பார்கள்.

படத்தின் மூல நீளம் மீட்டரில் கிடைத்தால் கணக்கும் போடலாம். 35 மி.மீ. ஃபிலிமில் மீட்டருக்குச் சுமார் 52.5 ஃபிரேம், அதனால் 2000 மீட்டர் படம் 24-இல் 73 நிமிடம், 18-இல் 97 நிமிடம் ஓடும். உங்கள் ஃபைல் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். பிரிண்டில் துண்டு விடுபட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

சரி, ஃபைல் நேராக 24-இல் ஓடுகிறது. வேகத்தை 0.75 என்று வைத்தால் 18, 0.83 என்றால் 20, 0.67 என்றால் 16. எது பொருந்தும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். தேநீர் ஊற்றுகிற காட்சி, குனிந்து வணங்குகிற காட்சி, தெருவில் சும்மா நடந்து போகிறவர்கள், இவற்றைப் பாருங்கள். வாள் சண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதைப் பரபரப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்திருக்கலாம். சண்டை கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால் தெரியட்டும். நான் 18-இல் தொடங்கி மேலே போவேன், 16 பெரும்பாலும் இழுக்கும்.

அந்தக் காலத்து ஜப்பானியத் தியேட்டரில் திரைக்குப் பக்கத்தில் பென்ஷி என்ற கதைசொல்லி இருந்து எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார், அவருக்காகவே கூட்டம் வரும். ஃபைலில் சவாதோ மிடோரி மாதிரி ஒரு பென்ஷியின் குரல் பதிவாகியிருந்தால் வேகத்தைத் தொடவே கூடாது. வெறும் இசை என்றால் மியூட் செய்துவிட்டு, திருவிழாவில் மைக் பிடிக்கிற அண்ணனைத் தமிழில் பேச வையுங்கள். முதல் நாளே அவரோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், அவருக்கு மூச்சு வாங்கினால் 20-ஐ 18 ஆக்குங்கள். வசனத்தை எழுத்தில் காட்டும் அட்டை வரும்போது அவர் வசனம் முடியவில்லையா, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அப்படி நிறுத்தினால் விளக்குச் சூட்டில் நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொள்ளும், உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. லேப்டாப்புக்கு மட்டும் ஒரே ஆளை உட்கார வையுங்கள், ஆளாளுக்கு விசையைத் தட்டினால் வேகம் காட்சிக்குக் காட்சி மாறிவிடும்.