நாய், பூனைக்குத் தெள்ளு. செடிக்குத் தெள்ளு வண்டு: இரண்டையும் கட்டுப்படுத்தும் முறை

நாய் ஓயாமல் சொறிகிறது. கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கிப் போடுகிறோம். நான்கு நாள் நிம்மதி. இரண்டாவது வாரம் பார்த்தால் மறுபடியும் அதே சொறி, அதே கடி. மருந்து போலி என்று அலுத்துப்போய் நிறையப் பேர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து அங்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் இருந்த தெள்ளுகள் செத்திருக்கும். இப்போது கடிப்பவை உங்கள் வீட்டுத் தரையில் பொரித்து வந்த அடுத்த தலைமுறை.

முதலில், தெள்ளுதானா என்று பாருங்கள்

சொறிவதற்கு ஒவ்வாமை, பூஞ்சை, சொறிப்பூச்சி என்று பல காரணங்கள் உண்டு. அதனால் மருந்துக்கு முன்னால் ஒரு சோதனை. நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு ஒன்றும், ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். துணியை ஈரப்படுத்தி விரித்து, பிராணியை அதன் மேல் நிறுத்துங்கள். வால் தொடங்கும் இடம், கழுத்து, அடிவயிறு ஆகிய இடங்களில் தோலை ஒட்டிச் சீவுங்கள். சீப்பில் வரும் கருப்புத் துகள்களை ஈரத்துணியில் தட்டி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். அது தெள்ளின் எச்சம். அதில் இருப்பது செரித்த இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் நிறம் கசியாது.

உயிருள்ள தெள்ளு சிக்கினால் உடனே சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கப் பார்த்தால் நழுவித் தாவிவிடும். அதன் உடம்பே பக்கவாட்டில் தட்டையானது. மெதுவாக ஊர்வதும், தோலில் தலையைப் புதைத்து அசையாமல் இருப்பதும் உண்ணி. அதற்கு மருந்து வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதிரி எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாய்களிடமும் பூனைகளிடமும் அதிகம் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம்தான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். முட்டைகள் முடியில் ஒட்டாது. பிராணி நடக்கும்போதும் படுக்கும்போதும் உதிர்ந்துகொண்டே போகும். அதிகம் உதிர்வது அது படுத்துத் தூங்கும் இடத்தில். பொரித்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. விரிப்பின் அடி, சோபாவின் இடுக்கு, தரையின் விரிசல் என்று ஒளிந்துகொண்டு, மேலிருந்து உதிரும் தெள்ளு எச்சத்தைத் தின்று வளரும்.

அப்புறம் அது கூடு கட்டும். நமக்குப் பெரிய தலைவலி இந்தக் கூடுதான். பிசுபிசுப்பான கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, தெளிக்கும் மருந்தும் உள்ளே சரியாகப் போகாது. உள்ளே இருக்கும் தெள்ளு அவசரப்படாது, மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று இவை பட்டால்தான் வெளியே தாவும். பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கணுக்காலில் சரமாரியாகக் கடி விழுவது இதனால்தான்.

உடம்புக்கு மருந்து

வீட்டில் எத்தனை நாய், பூனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். சொறியாத பூனையிடமும் தெள்ளு இருக்கும்; நக்கி விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படாது.

எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது. பிராணியின் எடை, வயது, வேறு நோய்கள் எல்லாம் இதில் கணக்கு. பிடரியில் விடும் சொட்டு மருந்து உண்டு, மெல்லும் மாத்திரை உண்டு. மாத்திரைகளில் அஃபாக்சோலானர் ஒரு மாதம் வேலை செய்யும். ஃப்ளூராலானர் சுமார் 12 வாரம் தாங்கும். உங்கள் நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இந்த வகை மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

சொட்டு மருந்தாக இருந்தால் முடியை இரண்டாக வகுத்து, தோல் தெரியும்படி பிடித்துக்கொண்டு, நாக்குக்கு எட்டாத பிடரியில் விடுங்கள். முடியின் மேல் வழிந்தால் பயனில்லை. இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. நாய்க்கான மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள், அளவைக் குறைத்தும் போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நடுக்கம், வலிப்பு என்று தொடங்கிச் சாவு வரை கொண்டுபோகும். தவறிப்போய்ப் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் துடைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பெர்மெத்ரின் போட்ட நாயை மருந்து முழுதாகக் காயும்வரை, முடிந்தால் 3 நாள், பூனையை விட்டுத் தள்ளி வையுங்கள். சொட்டு மருந்துகளில் வரும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி முயலுக்கு ஆகாது. பூண்டு நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் அப்படித்தான். ‘இயற்கை வைத்தியம்’ என்று யாராவது சொன்னால் நம்பிச் செய்துவிடாதீர்கள்.

8 வாரம் நிரம்பாத குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஏற்றவை அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துவட்டி, தினமும் சீப்பால் சீவி எடுங்கள். ஈறு வெளிறித் தெரிந்தால் தெள்ளு இரத்தத்தை உறிஞ்சிக் குட்டிக்குச் சோகை வந்துவிட்டது என்று அர்த்தம். காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

வீட்டுக்குச் செய்ய வேண்டியது

பிராணி படுக்கும் துணி, மெத்தை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். 60 டிகிரி சூடு இருந்தால் முட்டையும் புழுவும் தப்பாது. நல்ல வெயிலில் காயப்போடுங்கள், புழுவுக்கு வறட்சி எமன்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. முட்டைகளையும் எச்சத்தையும் இழுத்துவிடும். அதன் அதிர்வில் கூட்டுக்குள் தூங்கும் தெள்ளுகளும் விழித்து வெளியே வரும். வெளியே வந்தவை மருந்து போட்ட பிராணியின் மேல் ஏறினால் செத்துவிடும். முதல் இரண்டு வாரம் தினமும் வாக்குவம் போடுங்கள். சோபா மெத்தையைத் தூக்கி அடியிலும், கட்டிலுக்குக் கீழும், சுவரோரமும் விடக் கூடாது. குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கட்டிப் போடுங்கள்.

அதிகமாகப் பரவியிருந்தால், வளர்ந்த தெள்ளைக் கொல்லும் மருந்தோடு மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் கலந்த தரை ஸ்ப்ரே வாங்குங்கள். இவை இரண்டும் முட்டையும் புழுவும் வளர்ந்து தெள்ளாவதைத் தடுக்கும். காயும்வரை குழந்தைகளும் பிராணிகளும் அறைக்குள் வரக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் அதை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அறையின் நடுவில் வைக்கும் புகைமருந்தை நான் பரிந்துரைப்பதில்லை. சோபாவுக்கு அடியில் அது போகவே போகாது.

எத்தனை நாள்?

குறைந்தது 3 மாதம். சூழல் தோதாக இருந்தால் முட்டையிலிருந்து தெள்ளாக 3 வாரம் போதும், ஆனால் கூட்டுக்குள் இருப்பவை தவணை முறையில் வந்துகொண்டே இருக்கும். மருந்து போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்தும் தெள்ளு கண்ணில் பட்டால் பதறாதீர்கள், அடுத்த தவணை மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். நிலவரம் அறிய, வெள்ளைக் காலுறை போட்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். ஏறும் தெள்ளு பளிச்சென்று தெரியும்.

பிராணியின் ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போல எதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது. அதற்குத் தனியாகக் குடற்புழு மருந்து கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்துத் தெள்ளு வண்டு

இது வேறு பூச்சி. நாயைக் கடிக்காது, நாயிடமிருந்து செடிக்கும் வராது. பின்னங்கால் தடித்த, பளபளப்பான குட்டி வண்டு. கிட்டே போனதும் படபடவென்று தாவும். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ், கத்தரி இலைகளில் 1–2 மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைய இருந்தால் இதன் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நன்கு வளர்ந்த செடி இந்த ஓட்டைகளைத் தாங்கிக்கொள்ளும், மருந்தே வேண்டாம். ஆபத்து நாற்றுக்குத்தான். ஆகவே விதைத்த அன்றே நுண்ணிய பூச்சிவலையால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். போன பருவத்தில் அதே குடும்பச் செடி இருந்த பாத்தியில் இதைச் செய்யாதீர்கள். புழுக்கள் மண்ணில் வேரைத் தின்று வளர்பவை. வண்டாகி வலைக்கு உள்ளேயே கிளம்பும். கத்தரி நாற்றைத் தொட்டியில் கொஞ்சம் பெரிதாக வளர்த்து நடலாம். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடிக்கு அருகில் பிடித்து இலையைத் தட்டினால் தாவும் வண்டுகள் அதில் சிக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால் ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கலாம். ஈரமாக இருக்கும்போது தேனீக்களைக் கொல்லும் என்பதால் அவை கூடு திரும்பிய பிறகு, மாலையில் தெளியுங்கள். இதே ஸ்பைனோசாட் நாய்களுக்குத் தெள்ளு மாத்திரையாகவும் வருகிறது. அதற்காகத் தோட்டத்துப் புட்டியை நாய் மேல் தெளித்துவிடக் கூடாது. அளவும் வேறு, கலவையும் வேறு. கத்தரி பூக்கத் தொடங்கியதும் வலையை எடுத்துவிடுங்கள். தேனீக்கள் வர வழி வேண்டும், அதற்குள் செடியும் வண்டைத் தாங்கும் அளவுக்குத் தேறியிருக்கும்.