பாஸ்வேர்டு பெட்டகம்: சாவியை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்

அண்மையில் ஒருவருக்குக் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தை (எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கும் மென்பொருள்) நிறுவிக் கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே நிமிடத்தில், ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்தார். அவருக்கு முன் கற்றுக்கொண்ட இருவரும் அதையேதான் செய்திருந்தார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரிந்ததால்தானே பெட்டகம் தேடி வருகிறார்கள்.

சிஎஸ்வி கோப்பை அப்படியே விட்டுவிடுவது

பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பெட்டகத்துக்கு மாற்ற, முதலில் அவற்றை ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுக்கிறோம். அதில் எந்தப் பூட்டும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் வரிசையாகப் படிக்கக் கிடைக்கும். வேலை முடிந்த மகிழ்ச்சியில் அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடந்துவிடுகிறது. நான் பார்த்த ஒரு லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் கிளவுடுக்கும் தானாகப் போய்க்கொண்டிருந்தது! உள்ளே எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பாருங்கள், உடனே கோப்பை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அப்புறம் பிரவுசரில் இருப்பவற்றையும் நீக்கிவிடுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டைக் குறிகளால் சிக்கலாக்குவது

பெட்டகத்தையே திறக்கும் பாஸ்வேர்டுதான் மாஸ்டர் பாஸ்வேர்டு. அதில் எழுத்துக்குப் பதில் எண், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி என்று செய்வதால் பெரிய பலன் இல்லை. உடைக்கும் மென்பொருள்களுக்கு அந்த வழக்கம் நன்றாகவே தெரியும். பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சொற்களை எடுங்கள். டைஸ்வேர் என்று பெயர், 1995 முதல் இருக்கும் முறை. ஆறு சொற்களுக்குச் சுமார் 77 பிட் வலு கிடைக்கும் (ஊகித்து உடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு அது). நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணக்கு செல்லாது, பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழிகாட்டிகள் எல்லாம் "பேக்கப் எடுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அந்த பேக்கப் இருக்கும் இடத்தை எதைக் கொண்டு திறப்பது என்று யாரும் கேட்பதில்லை.

என்னுடைய பெட்டகக் கோப்பு லேப்டாப்பில் இருந்தது. இன்னொரு நகல் கிளவுடில். இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் காலையில் லேப்டாப்பின் எஸ்எஸ்டி, அதாவது கோப்புகள் இருக்கும் டிஸ்க், செத்துப்போனது. வேறொரு கம்ப்யூட்டரில் கிளவுட் கணக்கைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது பெட்டகமே உருவாக்கிக் கொடுத்த 24 எழுத்து, எனக்கு எப்படித் தெரியும்? சரி, மறந்துவிட்டது என்று சொன்னால் மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குப் போகிறது. மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் பெட்டகத்தில். அதன் ஓடிபி உருவாகும் ரகசியக் குறியீட்டையும் வசதிக்காகப் பெட்டகத்திலேயே வைத்திருந்தேன். அவசரத்துக்கென்று கொடுத்த ரெகவரி கோடுகள் அதே பதிவின் குறிப்புப் பகுதியில். மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் நினைவில் இருந்தது. திறக்கத்தான் கோப்பு இல்லை.

படிவம் மேல் படிவமாக நிரப்பி மின்னஞ்சலை மீட்க மூன்று வாரம் ஆனது. அதன் வழியாகக் கிளவுடைத் திறந்தால், அங்கே இருந்தது நான்கு மாதப் பழைய நகல். லேப்டாப்பில் இருந்த கிளவுட் செயலி எப்போதோ லாக் அவுட் ஆகியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. அந்த நான்கு மாதத்தில் தொடங்கிய இரண்டு கணக்குகள் திரும்பக் கிடைக்கவில்லை.

கீபாஸ் வகைப் பெட்டகத்துக்குப் பின்னால் உதவி கேட்க ஒரு நிறுவனம் கிடையாது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" என்ற பொத்தானும் கிடையாது. வேறு யாரும் திறக்க முடியாது என்பதுதானே அதன் பலம். அதனால் மூன்று விஷயங்கள் பெட்டகத்துக்கு வெளியே காகிதத்தில் இருக்க வேண்டும்: மாஸ்டர் பாஸ்வேர்டு, முக்கிய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, அந்த மின்னஞ்சலின் ரெகவரி கோடுகள். காகிதத்தில் எழுதுவதா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் இணையத் திருடனால் உங்கள் அலமாரிக்குள் இருக்கும் காகிதத்தைப் படிக்க முடியாது. கோப்பின் நகலைக் கிளவுடில் மட்டும் விடாமல் ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். காகிதமும் பென் டிரைவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு சோதித்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பையும் போனையும் அணைத்து ஒதுக்கிவிட்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். கையில் காகிதமும் பென் டிரைவும் மட்டும். பெட்டகம் திறக்கிறதா? கடைசியாகச் சேர்த்த பதிவு அதில் தெரிகிறதா? நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன், பத்து நிமிட வேலைதான்.

ஃபோட்டோவைக் கீ ஃபைலாக வைப்பது

வேண்டாம். கீ ஃபைல் என்பது மாஸ்டர் பாஸ்வேர்டோடு சேர்த்துப் பெட்டகத்தைத் திறக்க வைத்துக்கொள்ளும் ஒரு கோப்பு. அதில் ஒரு பைட் மாறினாலும் பெட்டகம் திறக்காது.

காப்பி, பேஸ்ட்டிலேயே காலம் தள்ளுவது

பெட்டகத்தின் பிரவுசர் நீட்சியை (பாஸ்வேர்டைத் தானே நிரப்பும் எக்ஸ்டென்ஷன்) இணைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டாம்பட்சம். பதிவில் இருக்கும் முகவரியும் திறந்திருக்கும் தளமும் பொருந்தினால்தான் அது நிரப்ப முன்வரும். அசல் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் அது பேசாமல் இருக்கும். அந்த நேரத்தில் எரிச்சல்பட்டுக் கையால் ஒட்டாதீர்கள், முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

மாதாமாதம் எல்லாவற்றையும் மாற்றுவது

தேவையில்லை. கசிந்தால் மாற்றுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது

2023-இல் கீபாஸ் 2 (கீபாஸ்எக்ஸ்சி அல்ல, அதே வகையைச் சேர்ந்த வேறொரு பெட்டகம்) பதிப்புகளில் ஓர் ஓட்டை வெளியானது. கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து மாஸ்டர் பாஸ்வேர்டை, முதல் எழுத்து நீங்கலாக, பெரும்பாலும் மீட்டுவிட முடிந்தது. 2.54 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். புதுப்பிக்காதவர்களிடம் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது

இரண்டிலும் மாற்றம் செய்தால், ஒத்திசைக்கும் செயலி சில நேரம் இன்னொரு பெயரில் மோதல் நகல் ஒன்றை உருவாக்கிவிடும். தேவையில்லாத கோப்பு என்று அதை அழித்துவிடாதீர்கள், நேற்று மாற்றிய பாஸ்வேர்டு அதில் மட்டும் இருக்கலாம். கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டு பெட்டகங்களை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. முதலில் ஒன்றாக்குங்கள், பதிவுகளைச் சரிபாருங்கள், அதற்கப்புறம் அழியுங்கள்.