ஆயாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது எப்படி

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள். துக்க வீட்டில் இதெல்லாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் உங்கள் அம்மாவை அறிந்தவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் வந்து உட்காரும் நாட்கள் அவைதான். திண்டிவனத்துச் சித்தி, எப்போதோ வீடு மாறிப் போன எதிர்வீட்டு அக்கா, அம்மாவுக்கு வேலை கொடுத்த கடைக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். காரியம் முடிந்தால் ஆளுக்கொரு திசை. அப்புறம் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும். தேடிப் போகும்போது சிலர் இருக்கவும் மாட்டார்கள்.

என் அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்தவர். எம்.சி. ரோட்டு ரெடிமேட் கடைகளுக்குக் காஜா (பட்டன் ஓட்டை) எடுத்து, பட்டன் கட்டி எங்களை வளர்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஆயா. முதல் வருடத் திதிக்கு அவரைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கொடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், வருகிறவர்களிடம் பேசுவது. "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷி" என்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள். முதல்முதலாக எங்கே பார்த்தீர்கள்? அப்போது கையில் என்ன வைத்திருந்தார்? உங்களை எதற்குத் திட்டினார்? தண்ணி லாரி வந்தால் யார் குடத்தை முதலில் வைப்பார்கள்? இப்படிக் கேட்டதால்தான் எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "உங்கம்மா ஊசிய வாயில கவ்விக்கினே பேசும். எங்க முழுங்கிடப் போவுதோன்னு நாங்க பயந்துக்கினு இருப்போம். அது பாட்டுக்கும் கதை சொல்லிக்கினு இருக்கும்." தினமும் பார்த்த எங்களுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அக்கா சொன்னதும் அந்த முகம் அப்படியே எதிரில் வந்து நின்றது. பிள்ளைகள் சொல்வதைவிட அண்டை வீட்டார் சொல்வதில் விவரம் அதிகம் இருக்கும், அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனைப் பேசுகிறவர் மடிக்கு அருகில் வையுங்கள். விசிறிச் சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போய்விடும். ஆரம்பத்திலேயே பேசுகிறவர் பெயர், உறவு, தேதி மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்க மறந்தாலும் குரலே அடையாளம் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் ஒப்பாரி உண்டு, ராத்திரியில் கானாவும் உண்டு. இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அழுகைதானே என்று நினைக்கிறோம், அதற்குள் ஒரு வாழ்க்கையின் கணக்கே இருக்கும். எங்கள் பெரியம்மா பாடும்போது "காதுக் கம்மலைக் கழட்டித் தந்து மிசினு வாங்கினவளே" என்றார். மறுநாள் அதை மட்டும் தனியாகக் கேட்டேன். கல்யாணத்துக்குப் போட்ட கம்மலை அடகு வைத்துத்தான் அம்மா தையல் மெஷின் வாங்கியிருக்கிறார். மீட்க முடியவில்லை, கம்மல் மூழ்கிப் போய்விட்டது. மெஷினை எங்களுக்குத் தெரியும், அதில் தைத்த உள்பாவாடைகளைத் தெரியும், கம்மலைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. ஒப்பாரி பாடியவரை அழுகை அடங்கிய பிறகு உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். கானா பாட வருகிறவர்களுக்கும் அம்மாவின் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாட்டில் அவரே வருவார்.

கண்ணீர் அஞ்சலி பேனர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் மகன்கள், மருமகன்கள், பேரன்கள் பெயர்தான் பெரிதாக இருக்கும். மகளும் மருமகளும் பேத்தியும் "மற்றும் குடும்பத்தினர்" ஆகிவிடுவார்கள். கடைசி நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டியது யார் என்று பார்த்து, அவர்கள் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள். பேனர் கட்டும் அவசரத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வருடம் கண்டுபிடிப்பது

ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஆதாரில் ஜனவரி 1. நம் அம்மாக்களில் பலருக்கு இதுதான் நிலைமை. அட்டைகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் முழுக்க அறிந்த சம்பவங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். சென்னையில் டிராம் நின்றது 1953. புயலில் மெரினாவில் கப்பல் தரை தட்டியது 1966 நவம்பர். ரூபாய்க்கு ஒரு படி அரிசி 1967. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. பள்ளிக்கூடங்களில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது 1982, அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. பெரம்பூர்ப் பக்கத்தார் என்றால் பி அண்டு சி மில் மூடிய 1996 யாருக்கும் மறக்காது. கடற்கரைக் குப்பத்தார் சுனாமிக்கு முன்பா பின்பா என்றே காலத்தைப் பிரிப்பார்கள், அது 2004 டிசம்பர் 26.

அண்ணாவின் இறுதி ஊர்வலத்தைப் பார்க்கப் போனபோது புதிதாகத் தாவணி போட்டிருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். தாவணி போட ஆரம்பிக்கும் வயது பதின்மூன்று, பதினான்கு. ஆக 1955 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். புத்தகத்தில் "1955 வாக்கில்" என்றே போட்டோம். தெரியாத தேதியைத் தெரிந்த மாதிரி போட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அதைத்தான் உண்மை என்று நம்புவார்கள்.

பிள்ளைகள் பிறந்த வரிசையும் உதவும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் வட சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அந்த நேரத்தில் குடும்பம் எந்தத் தெருவில் குடியிருந்தது என்ற விலாசமும் அதில் இருக்கலாம். வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்த குடும்பத்துக்கு அது பெரிய பிடிமானம்.

காகிதம், போட்டோ, போன்

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். என் அம்மாவிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. துணிக் கட்டு வந்ததும் டஜனுக்கு ஒரு கோடு போடுவார், நான்கு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும். பக்கத்தின் தலையில் கடைக்குக் கடை ஒரு படம். ஒன்றில் பூட்டு, ஒன்றில் குடை, ஒன்றில் இரண்டு வாழைப்பழம். பணம் வந்த கணக்கைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார், வராததற்கு வட்டம் இல்லை. அம்மாவோடு சேர்ந்து காஜா எடுத்தவரிடம் நோட்டைக் காட்டினேன். எந்தப் படம் எந்தக் கடை என்று கடகடவென்று சொன்னார். வாழைப்பழக் கடை முதலாளி சம்பளத்தோடு பழமும் கொடுத்து அனுப்புவாராம். அதனால் நோட்டு, சீட்டுக் கணக்கு, அடகுச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் குறித்த போன் நம்பர் எதையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

போட்டோ விஷயத்தில், மாலை போட்டு மாட்டும் படத்துக்கு ஒரிஜினலைக் கொடுக்கவே கூடாது. நகல் எடுத்துப் பெரிதாக்கி அதை மாட்டுங்கள். ஊதுபத்திப் புகையும் கடல் காற்றின் ஈரமும் ஒரிஜினலைப் பாழாக்கிவிடும். பழைய படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதப் பென்சில் போதும், பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

அம்மாவின் போனை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பேத்திக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் அதில்தான் இருக்கும். ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் சிம் சில மாதங்களில் செத்துவிடும். வாட்ஸ்ஆப் 120 நாள் பயன்படுத்தாத கணக்கை நீக்கிவிடும். அதற்குள் ஒவ்வொருவரோடும் பேசிய சாட்டை மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

குழம்பு

கை அளவில் சமைத்தவரின் ருசியைத் தாளில் கொண்டுவர ஒரே வழி, அதே கைப்பக்குவம் உள்ள இன்னொருவரைச் சமைக்க வைப்பது. எங்கள் சித்தியை அடுப்பு முன் நிற்க வைத்தோம். அவர் அள்ளியதைச் சட்டியில் போடுமுன் கிண்ணத்தில் போடச் சொல்லி, தராசில் வைத்துக் குறித்துக்கொண்டோம். அம்மாவின் காரப்பொடி மீன் குழம்பு இப்படித்தான் புத்தகத்துக்கு வந்தது. அளவைவிட முக்கியம் வரிசையும் நேரமும். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. புளிக்கரைசலும் குழம்பு மிளகாய்த்தூளும் சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்க வேண்டும். பிறகு மாங்காய்த் துண்டு, அது பாதி வெந்ததும் மீன். காரப்பொடி என்பது பொடி மீன், ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. மீன் போட்ட பிறகு கரண்டி படக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட வேண்டும். "கரண்டி போட்டா முள்ளுக் குழம்புதான்" என்று அம்மா சொல்வதையும் செய்முறையிலேயே சேர்த்துவிட்டோம்.

பேரப்பிள்ளைகளில் சின்னவனை முதலில் கேளுங்கள், அவனுக்குத்தான் சீக்கிரம் மறந்துபோகும். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, ஆயா முந்தானை முடிச்சில் பத்து ரூபாயும் பாக்குத் துண்டும் ஒன்றாக இருக்கும், அதனால் அந்த நோட்டு பாக்கு வாசம் அடிக்கும் என்றான். அவன் சொன்னது சொன்னபடியே அச்சில் இருக்கிறது.

வலிக்கிற விஷயங்களை என்ன செய்வது? அப்பாவின் குடியை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. எழுதினோம், இரண்டே வரிதான். அதை விட்டுவிட்டால் அம்மா ராத்திரி ஒரு மணிக்கும் ஏன் மெஷின் மிதித்தார் என்பது யாருக்கும் புரியாது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய வரி என்றால் மட்டும் அச்சுக்கு முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

அச்சு வேலை சுலபம். டி.டி.பி. கடையில் டைப் செய்து, நடுவில் பின் அடிக்கிற மாதிரி வையுங்கள். அதற்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 24 அல்லது 28 பக்கம் தாராளம். திதி வேறு, தேதி வேறு. இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று பார்த்து ஐயரிடமோ பஞ்சாங்கம் பார்ப்பவரிடமோ முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதியை நம்பி அச்சுக்குக் கொடுத்தால் திதி முன்னாலேயே வந்துவிடலாம். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். சாப்பாடு முடிந்து புத்தகத்தைப் புரட்டும்போது "இது தப்பு, அந்த வீட்டுக்கு நாங்க புயலுக்கு அப்புறந்தான் வந்தோம்" என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அப்போதே பேனாவைக் கையில் கொடுத்து அந்தப் பக்கத்தில் எழுத வைத்து, பெயரும் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படி எழுதி வந்தவை மட்டுமே எட்டுப் பக்கம் ஆகிவிட்டன, அடுத்த திதிக்கு அவற்றையும் சேர்த்து அச்சடிக்கிறோம்.