கன்று போடும் முன்னே கால்சியம் ஊற்றாதீர்கள்

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல், அத்திப்பள்ளி பக்கம் கொட்டகை வாடகைக்குப் பிடித்து, ஓசூர் சந்தையிலோ தெரிந்தவர் மூலமோ ரெண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு வாங்கிக் கட்டும் நம்ம தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறைய. பாத்திரம் கழுவுவது, மடி துடைப்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தீவனத்தில்தான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அடி வாங்குகிறார்கள்.

சினை மாட்டுக்குக் கால்சியம் டானிக்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எட்டு மாதச் சினை. மருந்துக்கடையில், "இப்பவே கால்சியம் குடு தம்பி, கன்னு போட்டதும் பால் கொட்டும்" என்று பாட்டிலை நீட்டுகிறார்கள். மாடு வைத்திருப்பவரும் தினம் ஊற்றுகிறார்.

நடப்பது நேர்மாறு. கன்று போட்ட அன்று மாட்டின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் மொத்தமே 3 கிராம் அளவுதான். பத்து லிட்டர் சீம்பாலில் போவதோ 20 கிராமுக்கு மேல். பற்றாக்குறையை மாடு தன் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்தாக வேண்டும். கடைசி மூன்று வாரமும் வாயில் கால்சியம் வந்துகொண்டே இருந்தால் இழுக்கும் அந்த வேலை மந்தமாகிவிடும். தேவை திடீரென்று ஏறும் நாளில் உடம்பு ஈடுகொடுக்காது. மாடு படுத்துவிடும்.

சந்தாபுரா பக்கத்தில் ஒரு தம்பியின் மாடு, மூன்றாம் ஈத்து (மூன்றாவது கன்று), கன்று போட்ட மறுநாள் காலை எழவில்லை. கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்துக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. இந்த நோய்க்குப் பேர்தான் பால் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. டாக்டர் வந்து கால்சியம் பாட்டிலை நரம்பில் ஏற்றினார், இதயத் துடிப்பைக் கேட்டபடி, மெதுவாக. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். அதனால் இதைக் கண்டவர் கையில் விடக்கூடாது. ஏப்பம் விட்டது, நடுங்கியது, சாணி போட்டது, எழுந்தது. பிழைத்தும் அந்த ஈத்தில் பால் ஏறவேயில்லை. தம்பி தினம் ஊற்றிய டானிக் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கன்று ஈன்ற பிறகு கொடுக்கவும் என்று கன்னடத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. தம்பிக்குக் கன்னடம் படிக்க வராது.

ஆகவே கடைசி மூன்று வாரம் டானிக்கை நிறுத்துங்கள், குதிரை மசாலை (லூசர்ன் என்ற, கால்சியம் மிகுந்த பசுந்தீவனம்) குறையுங்கள். நார்த்தீவனத்துக்குச் சோளத்தட்டு கொடுக்கலாம். ஈனுவதற்கு முன் கொடுக்கத் தனிக் கலவை உண்டு, டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். கால்சியத்தை ஈன்ற அன்றிலிருந்து கொடுக்கலாம்.

தட்டைக் குறைத்துத் தீவனத்தை ஏற்றுவது

பால் கூடும் என்று மூட்டைத் தீவனத்தை ஒரே நாளில் இரண்டு மடங்காக்குகிறார்கள். வயிறு புளித்து, சாணி இளகி, பாலில் கொழுப்புச் சத்து குறைகிறது. பால் சங்கத்தில் விலையும் விழுகிறது. ஒரு நாளைக்கு மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

பைபாஸ் கொழுப்புக்குப் பதில் சமையல் எண்ணெய்

பைபாஸ் கொழுப்பு என்பது முதல் வயிற்றில் உடையாமல் குடலுக்குப் போகும் தீவனக் கொழுப்பு. அதற்குப் பதில் சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

தாது உப்பை நினைத்தபோது போடுவது

தினம் 50 கிராம், தீவனத்தில் கலந்து. மண்ணுக்கு மண் குறைபாடு மாறும். பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம் அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற கலவைகளை உருவாக்கியிருக்கிறது. நம்ம பகுதிக்கு எது என்று கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

தண்ணீர்

ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். டேங்கர் வராத நாளில் டானிக் எதுவும் வேலை செய்யாது.