மகப்பேறு வார்டில் குடும்ப வழக்கங்களைக் கையாளும்போது செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்த உடனே குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ அதன் நாக்கில் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. தடுக்க வேண்டிய வழக்கம்தான் அது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரக்கூடும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பாலைத் தொடங்கி, முதல் 6 மாதங்கள் அதை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்துகிறது. ஆனால் பாட்டியின் கையைத் தட்டிவிட்டு, உறவினர் முன்னிலையில் அதட்டுவது பெருந்தவறு. அதட்டப்பட்ட குடும்பம் வழக்கத்தைக் கைவிடாது. செவிலியர் அங்கிருந்து நகரும்வரை காத்திருக்கும். நல்ல குணமுள்ள ஒருவர் சேனை வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசைதான் இதற்கு அடிப்படை. நாக்கில் படும் முதல் துளி சீம்பாலாக இருக்கட்டும், தாயின் மார்பில் கிடந்து பால் குடித்த பிறகு அந்த மூத்தவரே பிள்ளையை முதலில் மடியில் வாங்கி வாழ்த்தட்டும் என்று, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் நாட்களிலேயே பேசி வைத்தால், பிரசவ நாளில் மோதலுக்கு இடமிருக்காது.

எல்லா வழக்கங்களையும் ஒரே தட்டில் வைப்பது அடுத்த தவறு. மானுடவியலும் கற்ற அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர், நோயாளியின் வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி இணக்கமாக்குவது, தீங்கானதை அவருடன் சேர்ந்து மாற்றியமைப்பது என்று மூன்று வழிகளைக் காட்டினார். பத்தியச் சாப்பாட்டில் வரும் பூண்டுக் குழம்புக்கு முதல் வழி போதும். அதைக் குறை சொல்ல வேண்டியதே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது அப்படி விடக்கூடியதன்று; பால் கொடுக்கும் தாய்க்கு அதனால் உடலில் நீர் வற்றும், மலச்சிக்கலும் வரும். பச்சைத் தண்ணீர் ஆகாது என்பதே குடும்பத்தின் அச்சமென்றால், வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரை வேண்டிய அளவு கொடுக்கச் சொல்லலாம். கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் கண்ணில் தீட்ட வேண்டாம், திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும் என்றால் பெரும்பாலான பாட்டிமார் ஏற்றுக்கொள்வார்கள். தொப்புள்கொடியில் சாம்பலோ எண்ணெயோ வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. காரணத்தைச் சொல்லி, அந்த இடத்தை உலர்வாக வைக்கும் முறையைக் கையோடு காட்டிக்கொடுக்க வேண்டும்.

பண்பாட்டைப் படித்துவிட்டோம் என்ற எண்ணத்தில் பிறக்கும் தவறு இவற்றைவிட ஆபத்தானது. எந்தச் சமூகத்தார் வலியை எப்படி வெளிப்படுத்துவார்கள் என்று இன வாரியாகப் பட்டியலிட்ட அமெரிக்கச் செவிலியர் பாடநூல் ஒன்று 2017-ல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினார். நம் பிரசவ அறைகளிலும், உழைக்கும் பெண்கள் வலி தாங்குவார்கள், இவர்கள் சும்மாவே கத்துவார்கள் என்ற பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி ஒருத்தியின் அலறலைப் பொருட்படுத்தாமல் விட்டால், கருப்பை கிழிவது போன்ற உயிராபத்தின் அறிகுறியே கண்ணில் படாமல் போகலாம். ஊரையும் சாதியையும் மதத்தையும் வைத்து வலியை ஊகிக்காமல், அவளையே கேட்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்வதற்கும் இது பொருந்தும். அறுவையில் பயன்படும் மின்கருவியால், உலோகத் தாலி படும் இடத்தில் தீக்காயம் ஏற்படக்கூடும் என்ற காரணத்தைக் கூறி, மஞ்சள் கயிற்றை மாற்றாகக் கட்டிக்கொள்ளலாமா என்று அவளுடனேயே பேசி முடிவெடுக்கலாம்.

திருப்பூர் போன்ற ஊர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் குடும்பத்துப் பெண்கள் பிரசவத்துக்கு வரும்போது, கூட வந்த கணவரையோ சிறு பிள்ளையையோ மொழிபெயர்க்க வைப்பது வழக்கமாகிவிட்டது. முந்தைய கருக்கலைப்பு, வீட்டில் அடி உதை, காப்பர்-டி என்னும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தச் சம்மதம் போன்றவற்றைக் கணவர் வாயிலாகக் கேட்டால் கிடைப்பது கணவரின் பதிலே. மொழி தெரிந்த பெண் ஊழியரை நேரிலோ தொலைபேசியிலோ வைத்து, அவளிடம் தனியே பேசுவதே முறை. புரிந்ததா என்று கேட்டால் மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார்கள் என்பதால், மாத்திரையை எப்போது சாப்பிடுவாய், என்ன ஆனால் உடனே திரும்பி வருவாய் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.