ஜீவனியைத் தேத்தண்ணிக் கோப்பையில் கரைக்காதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளைக்குப் போன மாதம் வயிற்றோட்டம். தாய், வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனிப் பைக்கற்றை வெட்டி, அரைவாசித் தூளைத் தேத்தண்ணிக் கோப்பையில் கொட்டி, சுடுதண்ணீர் விட்டுக் கலக்கினார். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. உப்புக் கரிக்கிறதாக்கும் என்று இரண்டு கரண்டி சீனியும் போட்டார். அவருடைய அக்கறையில் ஒரு குறையும் இல்லை. பிழை அளவில்தான்.

அந்தத் தூள் 1 லீட்டர் தண்ணீருக்கென்று நிறுத்துப் போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி லீட்டருக்கு உப்பில் உள்ள சோடியம் 75 மில்லிமோல், சீனி வகையான குளுக்கோசும் 75. சிறுகுடல் சுவரில் இந்த இரண்டையும் சோடியாக உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று உண்டு. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். கரைசல் தடித்துவிட்டால் எல்லாம் தலைகீழ். உடம்புத் தண்ணீர் குடலுக்குள் இழுபட்டு வயிற்றோட்டம் கூடும், இரத்தத்தில் சோடியமும் மிஞ்சி ஏறலாம். ஆகவே கொதித்தாறிய தண்ணீரை 1 லீட்டர் அளந்து, முழுப் பைக்கற்றையும் கொட்டுங்கள். சீனி, சோடா எதுவும் வேண்டாம். கரைத்தபின் காய்ச்ச வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பிள்ளை சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

அப்புறம் வெறும் தண்ணீர். "தண்ணி நிறையக் குடி" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. என் பெரியம்மாவுக்கு 72 வயது. பிரஷருக்காகச் சலம் போகும் குளிசை எடுப்பவர். சித்திரை வெயிலில் யாரோ சொன்னதைக் கேட்டு உப்பையும் நிறுத்தி, நாளுக்கு நாலு பெரிய போத்தல் தண்ணீர் குடித்தார். சாப்பாடும் குறைவு. ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து, "நீ ஆர் மோனே?" என்றார். பாரிசவாதமென்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் சோடியம் லீட்டருக்கு 118 மில்லிமோல். இருக்க வேண்டியது 135 முதல் 145. அது இறங்கினால் தண்ணீர் உடம்பின் உயிர்க்கலங்களுக்குள் புகும். மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடம் ஏது? தடுமாற்றமும் வலிப்பும் அதனால்தான். சட்டென்று ஏற்றினாலும் மூளை பாதிக்கும் என்பதால் டொக்டர் மெல்ல மெல்லத்தான் ஏற்றினார். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். உடனே கொண்டுபோய், எடுக்கும் குளிசைகளையும் காட்டுங்கள்.

காலி வீதியில் குலை குலையாகத் தொங்கும் செவ்விளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஜீவனிக்கு ஈடாகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், லொசார்டன், ஸ்பைரனோலக்டோன் என்ற பிரஷர் குளிசைகள் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம். சோடியம் குறைத்த உப்பிலும் பொட்டாசியம்தான் கலக்கிறார்கள். இவர்கள் டொக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொட வேண்டாம்.

களைப்புக்கு ஒரு சேலைன் என்று கேட்டு ஏற்றுவதும் வேண்டாத வேலை. 1 லீட்டரில் 9 கிராம் உப்பு, சக்தி துளியும் இல்லை.

டெங்கு மட்டும் தனிக் கணக்கு. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். அப்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் அது நெஞ்சிலும் வயிற்றிலும் போய்ச் சேரும், குறைந்தாலும் ஆபத்து. குடித்தது எத்தனை மில்லிலீட்டர், சலம் போனது எத்தனை தரம் என்று நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி, வாட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.